எட்ட நிற்கத் தெரிந்தவர்

ஏழாவது ஆளாகத்தான் அவரைக் கூப்பிடுவார்கள். இப்போது மூன்றாவதாக ஒரு பெண்மணி பேசிக்கொண்டிருந்தாள். பேச்சு தேரைப் பற்றியல்ல, தேர் வருகிற அன்றைக்குத் தன் காரை எங்கே நிறுத்துவது என்பதைப் பற்றி. தோழர் வல்லிபுரம் கோட்டின் உட்பையைத் தொட்டுப் பார்த்தார். தாள் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன் தொட்டபோதும் இருந்தது. நான்காக மடித்த ஒற்றைத் தாள். ஒருவரும் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசக்கூடாது என்று நகரசபை அறிவித்திருந்ததால், வீட்டுச் சமையலறையில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து நாலு தரம் உரக்க வாசித்து, வெட்டி, திரும்ப வாசித்துச் சரிசெய்தது. மனைவி பூரணம் கோயிலுக்குப் போயிருந்த வேளையில் வாசித்தது. அதைக் களவு என்று சொல்ல அவர் ஒப்பமாட்டார். எழுபத்தேழு வயதுவரை அவர் ஒளித்துச் செய்த காரியம் ஒன்றுமில்லை, கட்சி சொல்லித் தலைமறைவாக இருந்த ஏழு மாதத்தைத் தவிர. ஆனாலும் கதவில் திறப்புச் சத்தம் கேட்டதும் தாளை மடித்துப் பைக்குள் வைத்த கை அவருடைய கைதான். பாரிசுக்கு வடக்கே இருந்த அந்தச் சிறு நகரத்தில் முருகன் கோயில் தேர் ஒவ்வொரு ஆவணியிலும் தெருவுக்கு வருகிறது. இந்த வருடம் வரலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் முன் மேயர் அம்மா ஊராரின் கருத்தைக் கேட்கிறார். மண்டபத்தில் நூறு கதிரைகள், ஆனிமாதத்துப் பிற்பகல் வெயில், திறக்க முடியாத ஜன்னல்கள். அவருக்குப் பக்கத்தில் சுதந்திரச் சிந்தனையாளர் சங்கத்தின் செயலாளர் ரெனே, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், முழங்காலில் தொப்பியை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தாளின் முதல் வசனத்தை ரெனே மனப்பாடமாக்கிவிட்டார். ‘தெரு எல்லோருக்கும் உரியது, ஆகவே அது எந்தக் கடவுளுக்கும் உரியதல்ல.’ இதைக் கல்லில் வெட்டலாம் வல்லி, என்றார் ரெனே. கல்லில் வெட்டவேண்டாம், கேட்டால் போதும் என்று அவர் சொன்னாரே தவிர, அன்றிரவு படுக்கையில் அந்த வசனத்தைப் பலதரம் நாக்கில் புரட்டிப் பார்த்தார். நல்ல வசனம். ஊர்த் தையற்கடைப் பெஞ்சுக்கு அடியில் கிடந்த துண்டுப்பிரசுரங்களை எழுத்துக் கூட்டிப் படித்து ஆளானவனுக்கு ஒரு வசனம் நல்லதா கெட்டதா என்று தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைவிட்டு எழும்பியவர் அவர். எழும்பியவர் என்று சொல்வதும் சரியில்லை, உட்கார வாங்கு கொடுத்தால்தானே எழும்புவதற்கு. நிலத்திலே இருத்தினார்கள். பள்ளிக்கூடப் பெயர் இடாப்பில் வல்லிபுரம் என்று எழுத வாத்தியாருக்குக் கை வரவில்லை, உன்ரை ஆக்களுக்கு இவ்வளவு நீளம் என்னத்துக்கு என்று வல்லியன் என்று எழுதினார். இந்த நாட்டில் அகதி அட்டை எழுதின நாளில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி முழுப் பெயரையும் எழுத வைத்தார். மதத்தை ஒழிக்கக் கிளம்பியவனுக்கு ஒரு பெருமாள் கோயிலின் பெயர், அதை முழுசாக எழுதவைக்க அவ்வளவு பிடிவாதம். ரெனே கேட்டுச் சிரித்திருக்கிறார். சிரிக்கட்டும். பெயரைப் பிடுங்கப்படாதவன் சிரிக்கலாம்.

பின்கதவு திறந்தது. அவர் திரும்பாமலே, வெளிக்காற்றோடு வந்த வாசனையில் யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். நல்லெண்ணெய், விபூதி, பூரணம் கம்பளிச் சட்டைகளுக்கிடையில் வைக்கிற கற்பூரவில்லை. கோயில் பெண்கள் ஆறேழு பேர், சேலைக்கு மேலே மெல்லிய கோட்டு, வரிசையாக வந்தார்கள். அவள் வரக்கூடும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. தனக்குத் தோள்மூட்டு நோவுக்கு டாக்குத்தரிடம் போகவேண்டும், பிறகு கூட்டம் ஒன்று இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார். இரண்டும் பொய்யில்லை. பூரணம் மற்றவர்களோடு போய் உட்காராமல் நேரே நடுவால் நடந்துவந்து, அவருக்குப் பின் கதிரையில் இருந்து, முன்னுக்குக் குனிந்து, அவர் காதருகே, இஞ்சாருங்கோ, என்றாள். நான் அவையிட்டைச் சொல்லிப்போட்டன், என்ரை மனுசன் பேசுவார் எண்டு. ஆர் உனக்குச் சொன்னது? ஆர் சொல்லவேணும், பேர்ப்பட்டியல் வாசல்லை ஒட்டிக் கிடக்கு, ஏழாவதா உங்கடை பேர், முழுப்பேர். பூரணம், நான்… பேசாமல் இருங்கோ, உங்களுக்கில்லாத உரிமையோ, இவையள் எல்லாரும் இண்டைக்குத்தான் சாமிக்காண்டிப் பேச வருகினம், நீங்கள் அண்டைக்கே எலும்பை முறிச்சுக்கொண்டு பேசின ஆள். அவள் கை அவருடைய இடது தோளில் ஒரு கணம் இருந்தது. முறிந்த தோள் அது. பிறகு கையை எடுத்துக்கொண்டு, கைப்பையை மடியில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். ரெனே அவளுக்குத் தலையாட்டி வணக்கம் சொன்னார். அவளும் தலையாட்டினாள். இரண்டு பேரும் தன் பேச்சுக்காகக் காத்திருக்கிறார்கள், இரண்டு பேரும் சந்தோஷமாக, ஒருவர் பக்கத்தில், ஒருவர் பின்னால். தோழர் வல்லிபுரம் மறுபடி உட்பையைத் தொட்டார்.

எலும்பை முறித்துக்கொண்டு. அவள் அதை எப்படி இந்தக் கணக்கில் சேர்க்கலாம்? ஐம்பத்தைந்து வருடமாக ஒரே வீட்டில் வாழ்ந்துகொண்டு எப்படி இவ்வளவு பிழையாக விளங்கியிருக்கிறாள்? ஊரில் தங்கள் சாதியை உள்ளே விடாத கோயில் வாசலில் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தது சாமியைப் பார்க்கவா? அவர் அப்போதே சாமி இல்லை என்றவர். உள்ளே இருப்பது கல் என்று சொல்லிக்கொண்டே, அந்தக் கல்லிருக்கும் இடத்துக்குப் போக எங்களுக்கு உரிமை இருக்கிறது என்றவர். தையற்கடையில் வைத்து ஒரு கிழவர் கேட்டார், கல்லெண்டு சொல்லுறாய், பிறகேன்ரா உள்ளை போகவேணும் எண்டு நிக்கிறாய்? அவர் சொன்னார், கல்லைப் பார்க்க ஒருத்தனை விடுறியள், ஒருத்தனை விடுறியளில்லை, எனக்குக் கல்லோடை பிரச்சினை இல்லை, கதவோடைதான். எல்லோரும் கைதட்டினார்கள். இருபது வயதில் கைதட்டல் தலைக்குள் நிற்கும். பன்னிரண்டாம் நாள் பின்னேரம் கோயில்காரர் கம்பியும் தடியும் கொண்டு வந்தார்கள். பூரணமும் அங்கே இருந்தாள். அப்போது அவள் யாரோ, இன்னும் கலியாணம் பேசவில்லை, உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கூழ் கொண்டுவந்த பெட்டைகளில் ஒருத்தி. இரும்புக் கேற்று பூட்டியிருந்தது. உள்ளே, வெகு தூரத்தில், ஒன்றுக்குள் ஒன்றாக வாசல்கள், கடைசி வாசலுக்குள் ஒரு விளக்கு. கோயிலுக்குள்ளே அவர் வாழ்க்கையில் கண்டது அந்த ஒரு விளக்கைத்தான், கம்பிகளுக்கிடையால். மணி அடித்தது. அதே கணத்தில் தடி வந்தது. அதே கணத்தில், அதுதான், அங்கேதான் அவருடைய நினைவு ஒவ்வொரு தரமும் இடறும், அவருடைய இரண்டு கைகளும் மேலே எழும்பின. எதற்கு எழும்பின? தடியைத் தடுக்க. வேறென்னத்துக்கு. ஆனால் தடி வந்தது இடப்பக்கத்தால், கை எழும்பியது முன்னால், நெஞ்சுக்கு நேரே, மணி அடித்த பக்கம் பார்த்து. இடப்பக்கத்தால் வந்த அடியைத் தடுக்கக் கை ஏன் முன்னால் போகும்? பயந்த மனிதனின் கை எங்கேயும் போகும். தடியை முதலில் கண்டாரா, மணியை முதலில் கேட்டாரா? ஐம்பத்தேழு வருடம். மேடைகளில் இருநூறு தரமாவது அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார், விளக்கைச் சொல்லுவார், மணியைச் சொல்லுவார், தடியைச் சொல்லுவார், கைகளைச் சொன்னதில்லை.

நாலாவது ஆள் பேசத் தொடங்கினான். நகரசபை உறுப்பினர் கொர்மியே, எதிர்க்கட்சி, நீலக் கோட்டு, தலைமயிரைப் படிய வாரியவன். சத்தம், புகை, நடுத்தெருவில் மலைமலையாகத் தேங்காய் உடைப்பது, வழுக்கி விழுந்த ஒரு முதியவள், இது பிரான்சு, இது குடியரசு, இங்கே மதம் வீட்டுக்குள். எல்லாம் சரியான வார்த்தைகள்தான். ரெனே சொல்லுகிற அதே வார்த்தைகள், ‘லாயிசித்தே’ என்கிற அந்தச் சொல்லை ரெனே தன் தாயின் பெயரைப் போலச் சொல்லுவார். மதச்சார்பின்மை. கொர்மியேயின் வாயில் அதே சொல் வேறு மாதிரி இருந்தது, ஒருவனுடைய சட்டையை இன்னொருவன் போட்டுக்கொண்டு வந்ததைப் போல. ரெனேயின் தங்கை பதினெட்டு வயதில் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போனவள், அன்று மூடிய கதவு நாற்பது வருடம் திறக்கவில்லை, தகப்பன் செத்ததற்கும் வரவில்லை. ரெனேக்கு அந்தச் சொல்லைச் சொல்ல ஒரு நியாயம் இருக்கிறது. தனக்கும் இருக்கிறது. கொர்மியேக்கு என்ன இருக்கிறது? கொர்மியே பேசி முடித்து, கைதட்டலுக்கு நடுவில் இறங்கித் தன் இடத்துக்குப் போகிற வழியில் அவர்களுடைய வரிசையில் நின்றான். ரெனேக்குக் கைகொடுத்தான். பிறகு வல்லிபுரத்தின் தோளில், முறிந்த அந்தத் தோளில்தான், கையை வைத்துக் குனிந்து, சிரித்தபடி, நீங்கள் பேசப் போவதாகக் கேள்விப்பட்டேன், உங்களைப் போல எல்லாரும் தங்களுடைய இடத்தைத் தெரிந்து நடந்தால் இந்த ஊரில் ஒரு பிரச்சினையும் வராது, என்றான். நன்றி என்று அவர் சொன்னார். சொல்லிவிட்டார். பழக்கம். கொர்மியே போய்விட்டான்.

நன்றி. அந்தச் சொல் வாயில் புளித்துக்கொண்டு நின்றது, எங்கேயோ முன்னர் ருசித்த புளிப்பு. அவர் சொன்ன நன்றி இல்லை, வேறு யாரோ சொன்னது. வெயில், திருவிழா, தூரத்துத் தெருமுனை. தகப்பன். பனையேறி இறங்கித் தேய்ந்த முழங்கால், சால்வையை இடுப்பில் கட்டி, வெளிவீதிக்கும் அப்பால் வேலியோரம் நின்று, தேரின் முடி மட்டும் தெரிகிற தூரத்தில் தலைக்குமேல் கைகூப்பிக்கொண்டு தகப்பன். பக்கத்தில் ஏழெட்டு வயதில் அவர். அந்தப் பக்கமாக வந்த கோயில் மணியகாரர் நின்று, சுற்றிவர இருந்தவர்களுக்குக் கேட்கும்படி சொன்னார், இவனைப் பாருங்கோ, நல்லவன், எட்ட நிக்கத் தெரிஞ்சவன், இவனைப் போல எல்லாரும் இருந்தா ஊரிலை ஏன் கரைச்சல் வருது. தகப்பன் குனிந்து, நன்றி ஐயா, உங்கடை மனம், என்றார். அதன்பிறகு ஒரு மாதம் அந்த மனுசன் சந்தோஷமாக இருந்தார். அதுதான் தாங்கமுடியாதது. அடித்திருந்தால் கோபம் வந்திருக்கும். வேலி அடைக்கப் போன இடத்தில், கள்ளுக்கொட்டிலில், பெரியையா வீட்டில், எட்ட நிக்கத் தெரிஞ்சவன் எண்டு மணியகாரர் எல்லாருக்கும் முன்னாலை சொன்னவர் என்று சொல்லிச் சொல்லித் திரிந்தார். அந்த நன்றிக்குத்தான் வல்லிபுரம் கட்சிக்குப் போனார். பிரசுரம் படித்ததெல்லாம் பிறகு. அந்த ஒரு நன்றியைத் தகப்பனுடைய வாயிலிருந்து திரும்ப எடுக்கவேண்டும் என்றுதான். இப்போது அதே நன்றியைத் தானே, எழுபத்தேழு வயதில், பிரெஞ்சில், ஓர் இளந்தாரிக்குச் சொல்லியிருக்கிறார். தாள் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. தெரு எல்லோருக்கும் உரியது. எல்லோருக்கும் என்றால் யார் யாருக்கு?

ஐந்தாவது ஆள் ஒரு பாதிரியார், வயதானவர், தேருக்குச் சாதகமாக ஏதோ மெல்லிய குரலில் சொன்னார். வல்லிபுரத்துக்குக் கேட்கவில்லை. மேயரின் மேசைக்குப் பின்னால் சுவர்த்தட்டில், பிரெஞ்சுக் குடியரசைப் பெண்ணாக வடித்த, குடியரசு அம்மாவின் வெண்சிலை, தலையில் குல்லா, மார்பளவு. பூரணம் பதினான்கு வருடம் இந்த மண்டபத்தைக் கூட்டித் துடைத்தவள். விடிய ஐந்து மணிக்கு வந்து, கதிரைகளை அடுக்கி, நிலத்தைக் கழுவி, கடைசியில் ஈரத்துணியால் அந்தச் சிலையைத் துடைப்பாள், முதலில் முகம், பிறகு கழுத்து, பிறகு தோள். நீங்கள் இந்த அம்மாவை வாயாலை கும்பிடுறியள், அபிசேகம் பண்ணுறது நான்தானே, என்பாள். அவர் சிரிக்கமாட்டார். அது கடவுளில்லை பூரணம், அது ஒரு கொள்கை. கொள்கைக்கு ஏன் மூக்கும் வாயும்? இப்போதும் அவள் பின்னாலிருந்து சிலையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், புதுசாக வந்தவர்கள் காதோரத்துத் தூசியைத் துடைக்கவில்லை என்று. தேர் முதன்முதல் இந்தத் தெருவில் ஓடின வருடம், முப்பது வருடம் இருக்கும், அவள் வீட்டுக்கு வந்து இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினாள். சிவந்திருந்தது, வடம் உரஞ்சின சிவப்பு, ஓரிடத்தில் தோலும் போயிருந்தது. ஊரில் அவளோ அவளுடைய தாயோ அம்மம்மாவோ அந்தக் கயிற்றுக்கு ஐம்பது யார் தூரத்துக்குள் போனதில்லை. இழுக்க ஆட்கள் போதாதபோது மண் அள்ளுகிற இயந்திரத்தைக் கொண்டுவந்து வடத்தைக் கட்டி இழுத்தார்களாம் ஓரிடத்தில், இயந்திரத்துக்குத் தீட்டில்லை என்று. அந்தச் செய்தியை வெட்டி அவர் கொப்பியில் ஒட்டி வைத்திருக்கிறார். அன்றைக்கு அவளுடைய கையைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார், சாமி தரேல்லை பூரணம், இந்த நாட்டுச் சட்டம் தந்தது, இஞ்சை வந்து உன்னைத் தள்ளி நில் எண்டு சொன்னா பொலிசு வரும், அதுதான். அவள் கையை மூடிக்கொண்டாள். ஆர் தந்தால் என்னப்பா, கயிறு என்ரை கையிலை இருந்தது. அன்றைக்கு முழுக்க அவள் கை கழுவவில்லை, கரண்டியால் சாப்பிட்டாள். இந்தத் தாளை வாசித்தால் அந்தக் கயிறு இல்லை. அவ்வளவுதான் விஷயம். வேறு எல்லாம் வசனம்.

வசனமா? அப்படியானால் எழுபத்தேழு வருடமும் வசனமா? ஆறாவதாகக் கோயில் தலைவர் குலராசா எழும்பினார். எழும்பும்போது திரும்பி, வல்லிபுரத்தண்ணை, நீங்களும் எங்களுக்காண்டி வந்தது பெரிய சந்தோசம், எல்லாரும் தமிழர்தானே, என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். தங்கச் சங்கிலி, வெட்டிய மீசை, அழகான பிரெஞ்சு. இது மதமே இல்லை, என்றார் குலராசா மேயரைப் பார்த்து, இது எங்கள் கலாசாரம், நாட்டியம், இசை, சமையல் போல. எங்களிடம் உயர்ந்தவர் தாழ்ந்தவர் கிடையாது, வடத்தை எல்லோரும் பிடிக்கலாம், வெள்ளைக்காரரும் பிடிக்கலாம், மேயர் அம்மாவும் வரவேண்டும். மேயர் சிரித்தார். மண்டபமும் சிரித்தது. வல்லிபுரத்தின் காது சூடாகியது. வடத்தை எல்லோரும் பிடிக்கலாம், சரி. சாமியை யார் தூக்குகிறார்கள்? மூலஸ்தானத்திலிருந்து தேருக்கும் தேரிலிருந்து உள்ளேயும் சாமியைத் தோளில் சுமக்கிற பதினாறு பேர் யார்? முப்பது வருடத்தில் அவருடைய ஆட்களில் ஒருத்தனைக் கூப்பிட்டதுண்டா? கேட்டால், அது பரம்பரை அண்ணை, அதுக்கு விரதம் இருக்கவேணும் அண்ணை, அது உயரம் சமமா இருக்கவேணும் அண்ணை. கடைசியில் உயரம். இழுக்கிறதுக்கு ஆள் வேண்டும், தெரு நீளம், தேர் பாரம், ஆகையால் கயிறு எல்லோருக்கும். தோளுக்குப் பதினாறு பேர் காணும், அதுவே போதும், ஆகையால் தோள் அவர்களுக்கு. பூரணத்துக்கு இது தெரியாதா? தெரியும். கயிறு காணும் எனக்கு, என்பாள். காணும் எண்டு சொல்ல உன்னை ஆர் பழக்கினது? தகப்பனுக்கு எட்ட நிற்பது காணும். இவளுக்குக் கயிறு காணும். தனக்கு? தனக்கு ஒரு வசனம் காணும், ரெனே கல்லில் வெட்டலாம் என்று சொன்னால் காணும். கொர்மியே ஒரு பக்கம் மதச்சார்பின்மை என்று பொய் சொன்னான். குலராசா மறுபக்கம் கலாசாரம் என்று பொய் சொன்னார். நடுவில் இருந்த உண்மையான இரண்டு மனிதர், ஒருவர் அவருக்குப் பக்கத்தில், ஒருத்தி பின்னால், இருவரில் ஒருவரை அவர் இன்னும் சில நிமிடத்தில் வெட்டவேண்டும். ரெனே இல்லாவிட்டால் அவருக்கு அகதி அட்டை இல்லை, பிரெஞ்சு இல்லை, பழைய பத்திரிகையை விரித்து ஒவ்வொரு சொல்லாக இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்த மனுசன். தோள் வலித்தது. இந்த வெயிலிலுமா? மழைக்குத்தானே வலிக்கும்.

மிஸ்யூ வல்லிபுரம், என்றார் மேயர், முழுப்பெயரும் சரியாக.

எழும்பினார். ரெனே முழங்கையில் தட்டினார். பின்னால் பூரணம் செருமியது கேட்டது, அவள் சந்தோஷமாக இருக்கும்போது செருமுவாள். ஒலிவாங்கிக்குப் பதினைந்து அடி. தாளை எடுத்தார், விரித்தார், கண்ணாடியை மேலே தள்ளினார், முதல் வசனம் நல்ல பெரிய எழுத்தில் அங்கே இருந்தது. வாயைத் திறந்த அதே கணத்தில் மணி அடித்தது. எதிரே தேவாலயத்தின் கோபுர மணி, மூன்று மணிக்கானது, திறக்க முடியாத ஜன்னல்களையும் அதிரவைத்துக்கொண்டு, ஒன்று. மேயர் கையைக் காட்டினார், பொறுங்கள். எல்லோரும் பொறுத்தார்கள். கொர்மியே பொறுத்தான், கைகளைக் கட்டிக்கொண்டு, ஒருவித மரியாதையோடு. ரெனேயும் பொறுத்தார், ரெனேக்கு அது மணியாகவே கேட்டிருக்காது, எழுபது வருடமாகக் கேட்கிற காற்று. இரண்டு. ஒருவரும் இதைச் சத்தம் என்று சொல்லவில்லை. இங்கேயும் ஒருத்தருடைய மணி நேரமாக இருக்கிறது, இன்னொருத்தருடைய மணி சத்தமாக இருக்கிறது. அவர் கையைப் பார்த்தார். தாளைப் பிடித்த இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே இருந்தன. மூன்று. மணி ஓய்ந்தது. அவர் தாளை மடித்தார்.

என் பெயர் வல்லிபுரம், என்றார். எனக்குக் கடவுள் இல்லை. அது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ரெனேயின் முகம் மலர்ந்தது. இருபது வயதில் ஒரு கோயிலுக்குள் போகக் கேட்டதற்கு என் தோளை முறித்தார்கள். பூரணத்தின் முகத்தைப் பார்க்க அவர் துணியவில்லை. இந்தத் தேர் தெருவால் போகட்டும், என்றார். மண்டபத்தில் ஒரு சலசலப்பு. ஆனால் நீங்கள் கொடுக்கிற அனுமதியில் ஒரு வரி எழுதுங்கள். வடத்தை எல்லோரும் பிடிக்கலாம் என்று தலைவர் சொன்னார். அதுபோல, தெருவில் சாமியைத் தோளில் சுமக்கிறவர்களும் எந்தச் சாதியாகவும் இருக்கலாம் என்று எழுதுங்கள், தலைவர் கீழே கையெழுத்து வைக்கட்டும். தெரு குடியரசுடையது என்றால், தெருவில் நிற்கிற தோளும் குடியரசுடையது. கையெழுத்து வைக்காவிட்டால் தேர் வேண்டாம். மேயர் பேனாவைக் கீழே வைத்தார். மிஸ்யூ, எனக்குச் சரியாக விளங்கவில்லை, நான் இங்கே ஒரு பக்கத்தில் புள்ளடி போடவேண்டும், நீங்கள் ஆதரவா, எதிரா? அவர் யோசித்தார். கதவு திறந்தால் ஆதரவு, என்றார். இறங்கி வந்தார். ஒருவரும் கைதட்டவில்லை.

ரெனே தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார், கூட்டம் முடியாமலே. நீ என்னிடம் சொல்லியிருக்கலாம் வல்லி, என்றார், கோபமாக அல்ல, அதுதான் மோசம். இரண்டு வாரத்தில் முடிவு அறிவிக்கப்படும் என்று மேயர் சொன்னார். வாசலில் குலராசா வழிமறித்தார், சிரிப்பு இல்லை. என்னண்ணை இது, எங்கடை வீட்டு அழுக்கைக் கொண்டுவந்து வெள்ளைக்காரனுக்கு முன்னாலை விரிச்சுப்போட்டு நிக்கிறியள்? அழுக்கு எண்டு ஒத்துக்கொண்டதுக்கு நன்றி தம்பி, என்றார் அவர். இந்த நன்றி புளிக்கவில்லை. அது ஒன்றுதான் அன்றைய லாபம். கோயில் பெண்கள் பூரணத்தை விட்டுச் சற்றுத் தள்ளி நின்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவள் தனியாகப் படியிறங்கினாள், அவர் பின்னால் போனார். ட்ராம் நிறுத்தம்வரை அவள் முன்னாலேயே நடந்தாள். கயிற்றையும் பறித்துவிட்டேனோ, என்று அவர் நினைத்தார். அவர்கள் கையெழுத்து வைக்கமாட்டார்கள், தேர் இல்லை, அவளுடைய கை இனிச் சிவக்காது, அதற்குக் காரணம் கொர்மியே இல்லை, குலராசா இல்லை, அவர். சொல்லு பூரணம், ஏதாவது ஏசு. வெயில் தண்டவாளத்தில் வழுக்கியது.

அவை கையெழுத்து வைச்சு, வா எண்டு கூப்பிட்டினமெண்டா, என்றாள் அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் சாமி தூக்குவியளோ?

அவருக்குத் திடுக்கென்றது. அதை அவர் யோசித்திருக்கவில்லை. இருபது வயதிலும் யோசிக்கவில்லை, கேற்றைத் திறந்துவிட்டிருந்தால் உள்ளே போய் என்ன செய்திருப்பார் என்று ஒருவரும் கேட்டதில்லை. தூக்குவன், என்றார். கும்பிடமாட்டன்.

அண்டைக்குக் கும்பிட்டனீங்கள்.

எண்டைக்கு?

கேற்றடியிலை. மணி அடிக்கேக்கை. நான் கூழ்ப்பானையோடை அங்காலை நிண்டனான், பார்த்தனான். அதுதானே நான் உங்களைக் கட்டச் சம்மதிச்சது.

அது அடியைத் தடுக்க எழும்பின கை பூரணம்.

சரி, என்றாள் அவள். தடுக்கத்தான். பொய் சொல்லுகிற பிள்ளைக்குச் சோறு போடுகிற குரல். ட்ராம் வந்தது. கூட்டம். பூரணத்துக்கு ஜன்னலோரம் ஒரு கதிரை கிடைத்தது, அவர் நின்றார். அவர்கள் ஐம்பத்தைந்து வருடமாக வாழ்ந்த வீட்டுக்கு அடியில் ஒரு கல் இருந்திருக்கிறது, அவள் அதன்மேல்தான் வீட்டைக் கட்டியிருக்கிறாள், அவர் அதை ஒரு தரமும் குனிந்து பார்க்கவில்லை. இல்லை, அவள் பிழையாகப் பார்த்தாள். புழுதி, சனம், தூரம். இடப்பக்கத்தால்தான் தடி வந்தது. வண்டி குலுங்கியது. மேலே தொங்குகிற பிடியைப் பிடிக்க அவர் இடது கையை உயர்த்தினார். அது வழக்கம்போல நெஞ்சுவரை வந்து அதற்குமேல் போகாமல் நின்றது. அதைத் தூக்கிவிட வலது கை தானாக எழும்பி வந்து, இடது கையைத் தொட்டது. இரண்டும் நெஞ்சுக்கு நேரே ஒன்றோடொன்று சேர்ந்து நின்றன. அவர் சட்டென்று பிரித்து, வலது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பூரணத்தைப் பார்த்தார். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஜன்னல் கண்ணாடியில் அவர் முழுசாகத் தெரிந்தார்.